பெங்களூரிலிருந்து பதில் வரும்வரை

ஒன்பதாம் வகுப்பில் வட்டத்தின் நாண் பற்றிய தேற்றத்தைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வரியில், சாக்பீஸைப் பிடித்திருந்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

கை மரத்துப்போகவில்லை. வலியும் இல்லை. வளையல், மோதிரம், விரல் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. நான் நினைத்தபடி அது எழுதவும் செய்தது. ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேறு ஒரு ஆசிரியை எழுதுவதைப் பார்ப்பதுபோல நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி இதயம் தாறுமாறாக அடித்தது. பிள்ளைகளின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

தேற்றத்தை எழுதி முடித்தேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஓய்வறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, சாப்பாடு சரியில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இது நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் அமல்ராஜ் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். மகள் ஷீலாவுக்குப் பதினோரு வயது. செக்காலைப் பகுதியில் வாடகை வீடு. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற, யாரும் திரும்பிப் பார்க்காத குடும்பம்.

இரண்டாவது முறை பஸ்ஸில் வந்தது. மூன்றாவது முறை ஷீலாவுக்குத் தலை பின்னும்போது. அதன்பிறகு எண்ணவில்லை. சில நாள் கையோடு நிற்காது. கண்ணாடியில் தெரிந்த முகம் எனக்குத் தெரிந்த ஒருத்தியின் முகமாக இருந்தது, என்னுடையதாக இல்லை. வீடு, தெரு, பேசிக்கொண்டிருக்கும் கணவர், எல்லாம் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல் தோன்றும். எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் காலை, கை என்னுடையதுதானா என்று பார்ப்பதற்காகத் தோசைக்கல்லின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். சுட்டது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. கொப்புளத்தைப் பார்த்த அமல்ராஜ், "என்ன இது?" என்றார். "கவனிக்கல," என்றேன். அன்று மாலையே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

இரத்தம், தைராய்டு (கழுத்திலுள்ள சுரப்பி), ஈ.சி.ஜி. (இதயத்தின் மின் அலைகளைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எல்லாம் பார்த்தார்கள். "ஒண்ணுமே இல்ல டீச்சர். நல்லாத் தூங்குங்க," என்றார் டாக்டர். மதுரைக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுத்தோம். அங்கும் ஒன்றும் இல்லை. நோய்க்காரருக்கு இந்த 'ஒன்றும் இல்லை' எவ்வளவு குழப்பமானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஒன்றும் இல்லையென்றால் இது என்ன? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? பைத்தியம் பிடிப்பவளுக்கு இப்படிக் கேட்கத் தோன்றுமா? இதே கேள்விகள் நாள் முழுதும் சுற்றிச் சுற்றி வந்தன.

மூளை நரம்பு மருத்துவர் எங்களை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அமல்ராஜ் அறைக்குள் வரவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெளியே தினசரியை விரித்து முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்த வயதான மருத்துவர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். பதற்ற நோயும், அதனுடன் சேர்ந்த ஆள்விலகல் உணர்வும் (தன் உடலும் மனமும் தன்னுடையவை அல்ல என்று தோன்றும் நிலை). மாத்திரை எழுதினார். "மாத்திரை பாதிதான். மீதிக்குப் பேசணும்," என்று நிர்மலா மேடத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

நிர்மலா மருத்துவ உளவியலாளர் (மாத்திரை தராமல், பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை அளிப்பவர், அதற்கென்று படித்துப் பதிவு பெற்றவர்). அவரை நேரில் பார்த்தது இரண்டே முறைதான். இரண்டாம் முறை பேசி முடித்தபோது, கணவருக்கு மாற்றலாகிப் பெங்களூருக்குப் போவதாகச் சொன்னார். மதுரையில் வேறொருவரின் முகவரியைக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அதைப் பார்த்தவர், "உங்க ஊர்ல பிரவுசிங் சென்டர் வந்திருச்சா?" என்று கேட்டார்.

வந்திருந்தது. வள்ளியம்மை ஆச்சி தன் பெரிய வீட்டின் முன்பகுதியில் நான்கு கணினிகளை வைத்து, இடையில் பிளைவுட் தடுப்பு அடித்திருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்கள் வந்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போவார்கள். ஆச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். கணினியைத் தானே கற்றுக்கொண்டவர்.

நிர்மலா மேடம் சில நிபந்தனைகள் சொன்னார். செவ்வாய்க்கிழமை நான் எழுத வேண்டும். வெள்ளிக்குள் அவர் பதில் எழுதுவார். மாதம் ஒருமுறை மதுரை மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். கடிதங்களை அவர் யாருக்கும் காட்டமாட்டார். "ஆனா உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, நீங்க குடுக்குற ஒரு நம்பருக்குக் கூப்பிடுவேன். சம்மதமா?" என்றார். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமலே அமல்ராஜின் அலுவலக எண்ணைக் கொடுத்தேன்.

அமல்ராஜிடம் இதைச் சொல்லவில்லை. "மாத்திரை குடுத்தாச்சுல்ல, இனி எதுக்கு அங்குட்டுப் போய்க்கிட்டு?" என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் சிறப்பு வகுப்பு என்று பொய் சொன்னேன்.

முதல் செவ்வாய், ஆச்சி எனக்கு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கித் தந்தார். "யாருக்கு டீச்சர் எழுதப் போறீக?" என்றார். "தோழிக்கு," என்றேன். "எழுதுங்க. இந்த மூணாம் நம்பர் பொட்டிக்குப் பின்னாடி யாரும் வர மாட்டாக," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப்பின் அவர் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை.

தமிழை ஆங்கில எழுத்துகளில் அடித்தேன். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி. நாற்பது நிமிடத்தில் ஆறு வரி. இரண்டு முறை இணைப்பு அறுந்து எழுதியதெல்லாம் போயிற்று. ஆங்கில எழுத்தில் கையும் காயும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; 'கை எனக்குப் பிடிபடவே இல்லை' என்று ஒருமுறை எழுதியதற்கு, 'எந்தக் காய்? சமைக்கும்போது ஏதாவது நடக்கிறதா?' என்று பதில் வந்தது. வெகுநாளைக்குப்பின் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். தடுப்புக்கு அப்பால் கீபோர்டு சத்தம் சற்று நின்று மறுபடி தொடர்ந்தது.

நிர்மலா மேடம் சொன்ன பயிற்சிகள் எளியவை, செய்யக் கடினமானவை. ஒரு நோட்டில் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, பயம் பத்துக்கு எத்தனை என்று குறிக்க வேண்டும். கை என்னுடையதா என்று சோதிக்கக் கூடாது. கிள்ளக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது, சுட்டுக்கொள்ளக் கூடாது. 'சோதிக்கச் சோதிக்கச் சந்தேகம் வளரும். அந்நியமாகத் தெரிகிற கையாலேயே வேலையைத் தொடருங்கள்' என்று எழுதினார். அளவுக்கு மீறின பாரம் வரும்போது ஃபியூஸ் போவதைப்போல, மனம் தன்னைக் காத்துக்கொள்ள விலகிக்கொள்கிறது. இது பைத்தியம் அல்ல என்றார். அந்த வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். ஆனால் என்ன பாரம் என்றுதான் விளங்கவில்லை. வீட்டில் குறையில்லை. வேலை இருந்தது. எல்லோரும் சுகம்.

ஒன்றை மட்டும் நான் எழுதாமல் இருந்தேன்.

நோய் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பு, மலர்க்கொடி என்ற மாணவியைக் கன்னத்தில் அறைந்தேன். கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற பெண். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்ததற்காக. அக்காலத்தில் அடிக்காத ஆசிரியர் அபூர்வம். நானும் அடிக்கிறவள்தான். ஆனால் அன்று அடித்த அடி பாடத்துக்காக அடித்தது அல்ல. காலையிலிருந்து வேறு எதற்கோ சேர்ந்திருந்த கோபம் முழுதும் அந்தக் கையில் இருந்தது. அவள் இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். பயந்துபோனேன். "நல்லாக் கண்டிச்சு வைங்க டீச்சர். படிச்சாத்தான் அது பொழைக்கும்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப்பின் வகுப்பில் நான் பேசும்போதெல்லாம் மலர்க்கொடி தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் வைத்தாள். பத்தாம் வகுப்பிலும் அவளுக்கு நான்தான் கணக்கு. பொதுத்தேர்வு வரை அந்தத் திரும்பலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, என் முறை இல்லாத நாளில், ஆச்சி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் எழுதினேன். முகம் பார்க்காததால்தான் எழுத முடிந்தது என்று நினைக்கிறேன். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். மறுநாள் முதல் சிவகங்கையில் விடைத்தாள் திருத்தும் பணி. வெள்ளிக்கிழமை வந்து பதிலைப் படிக்க முடியாது. ஆகவே கடைசியில், 'நாளைக்கு நான் இருக்க மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு, விடைத்தாள் திருத்தும் மையத்தில் என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரைப் பிடித்தபடி அமல்ராஜ் நின்றிருந்தார். சட்டை முழுதும் வேர்வை. முகத்தில் புழுதி.

"ஷீலாவுக்கு ஏதும் ஆயிருச்சா? எதுக்கு வந்தீக?" என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீ நல்லாத்தான இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பெங்களூர்லேர்ந்து நிர்மலான்னு ஒரு அம்மா ஆபீஸுக்குப் போன் பண்ணுனாக. நாளைக்கு இருக்க மாட்டேன்னு எழுதுனியாம்ல. உடனே போய்ப் பாருங்கன்னாக."

"பேப்பர் திருத்த வர்றதத்தான் அப்படி எழுதுனேன்."

"மன்னிச்சுக்கன்னு எதுக்கு எழுதுன?"

வெள்ளிக்கிழமை வர முடியாததற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அதுதான் உண்மை. ஆனால் அதை எழுதியபோது என் மனதில் அது மட்டும்தான் இருந்ததா? அந்த மரத்தடியில் நின்றபோது எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. செத்துப்போக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்ததில்லை.

அருகிலிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சிறப்பு வகுப்புப் பொய்யை, கடிதங்களை, மலர்க்கொடியை.

"ஆறு மாசமா யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல," என்றார். பிறகு, "ஒரு அடிதான. எந்த வாத்தியார் அடிக்கல?" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் என்னை முன்பைவிடத் தனியாக்கிவிட்டது. டீ ஆறிப்போயிற்று. அவர் திரும்பிப் போனார். நான் உள்ளே போய் அன்றைய விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்தேன்.

நிர்மலா மேடத்தின் மேல் எனக்குக் கடுமையான கோபம். அடுத்த செவ்வாய் போய்ப் பார்த்தபோது அவருடைய கடிதம் இருந்தது. 'தவறாகப் படித்திருந்தால் வருந்துகிறேன். அழைத்ததற்காக வருந்தவில்லை. அதே வரியை மறுபடி எழுதினாலும் அழைப்பேன்' என்றிருந்தது. கணினியை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் எழுதவில்லை.

அந்த மூன்று வாரமும் ஆள்விலகல் நாள் முழுதும் நீடித்தது. கடையில் கத்திரிக்காய் பொறுக்கும்போதும், பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும், ஷீலா ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதும். நோட்டில் பயத்துக்கு நேரே எட்டு, ஒன்பது என்று எழுதினேன். பிறகு எழுதுவதையும் நிறுத்தினேன்.

ஒரு நாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அமல்ராஜ் பாதி மாட்டிய சட்டையுடன் வந்து நின்றார். "அந்த அம்மாவுக்கு எழுதுறத விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"போய் எழுது. நான் படிக்கக் கேக்க மாட்டேன்." பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பிள்ளை வீடு எங்குட்டு இருக்கு?" என்றார்.

நான் எழுதினேன். மலர்க்கொடியைப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். 'போங்கள்' என்றோ 'போகாதீர்கள்' என்றோ நிர்மலா மேடம் சொல்லவில்லை. 'அவள் உங்களை மன்னிக்க வேண்டும் என்பதற்காகப் போகிறீர்களா, அவள் காதுக்காகப் போகிறீர்களா? மன்னிப்புக்காக என்றால், மன்னிக்க வேண்டிய வேலையையும் அந்தப் பிள்ளை தலையில் வைக்கிறீர்கள். யோசியுங்கள்' என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எதற்காகப் போகிறேன் என்று கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அமல்ராஜும் நானும் போனோம்.

மே மாத வெயில். கல்லலைத் தாண்டி மண்பாதையில் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது மலர்க்கொடி ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பதறிப்போய்ப் பாய் விரித்தார். "டீச்சர் இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, ரிசல்ட்டு வந்திருச்சா?" என்றார்.

"ரிசல்ட்டு இல்லம்மா. நான் ஒன்பதாம் வகுப்புல இவளை அடிச்சேன். காதுல பட்டுச்சு. அதைப் பாக்கத்தான் வந்தேன்."

அந்த அம்மாவுக்கு நான் சொல்வது பிடிபடவில்லை. மலர்க்கொடிக்குப் புரிந்தது.

"இந்தக் காதுல கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கும் டீச்சர்," என்றாள். குரலில் கோபம் இல்லை. சமாதானமும் இல்லை. "முன்னாடியே சளி பிடிச்சா இதுல சீழ் வரும். ஆனா அன்னைக்கு அப்புறந்தான் உய்யுனு ஒரு சத்தம். இப்பவும் இருக்கு."

நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லாததுதான் சரி என்று அப்போதே எனக்குத் தோன்றிற்று.

அவளையும் அவள் அம்மாவையும் மதுரைக்கு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். செவிப்பறையில் (காதுக்குள் ஒலியை வாங்கும் மெல்லிய தோல்) ஓட்டை இருந்தது. அடியினாலா, பழைய சீழினாலா என்று கேட்டேன். எனக்கு அந்த விடை வேண்டியிருந்தது. "இப்பச் சொல்ல முடியாதும்மா. ரெண்டும் இருக்கலாம். அடைச்சிரலாம்," என்றார் மருத்துவர். அரையாண்டு விடுமுறையில் அறுவை சிகிச்சை நடந்தது. தோலை ஒட்டி ஓட்டையை மூடினார்கள். கேட்பது கூடியது. அந்த உய் சத்தம் மட்டும் போகவில்லை.

'அப்படியானால் என் நோய்க்கு அந்த அடிதான் காரணமா?' என்று நிர்மலா மேடத்திடம் கேட்டேன். 'இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். முதல் முறை வந்தபோது அவள் அந்த வகுப்பில் இல்லையே. ஒரே காரணத்தைக் கண்டுபிடித்தால் நிம்மதி என்று நீங்கள் நினைக்கிறீர்கள், கணக்கு ஆசிரியை அல்லவா' என்று பதில் வந்தது. அதற்குள் எனக்கும் அவருடைய நகைச்சுவை பழகியிருந்தது.

எங்கள் கடிதங்கள் மொத்தம் பதினைந்து மாதம் நீடித்தன. கடைசிக் காலத்தில் வாரம் ஒன்று மாதம் ஒன்றானது. மாத்திரையை மதுரை மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். நிர்மலா மேடத்தின் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. இரண்டு முறை பார்த்த முகம்தானே. அவர் வாக்கியங்களை முடிக்கும் விதம் நினைவிருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது கையோ முகமோ வீடோ அந்நியமாகிப் போயிருந்தால், உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை அறிந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் பேசுவதென்றால் தெளிவாக எழுதுங்கள். உங்களுக்கே தெளிவில்லாவிட்டால் தெளிவில்லை என்று எழுதுங்கள். அவசரத்துக்கு ஒரு எண்ணைக் கேட்டால் யோசித்து, ஆனால் மறுக்காமல் கொடுங்கள்.

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். நான் பிள்ளைகளை அடிப்பதில்லை. அது குணத்தில் சேருமா என்று தெரியாது. ஆள்விலகல் இன்னும் வருகிறது, ஆண்டில் நாலைந்து முறை. முன்பெல்லாம் அது வந்தால் அந்த நிமிடத்துக்கு முடிவே இல்லை என்று தோன்றும். இப்போது அது வருவதும் தெரிகிறது, போகும் என்பதும் தெரிகிறது. என் உடம்பு முழுதும் எனக்குச் சொந்தம் என்ற பழைய நம்பிக்கை மட்டும் திரும்பவில்லை. சில நேரம் என்னிடம் இருக்கிறது, சில நேரம் இல்லை. அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது விரல்கள் தூரமாகிவிட்டன. நான் உரிப்பதை நிறுத்தவில்லை. எதிரில் கல்லூரிப் பாடம் படித்துக்கொண்டிருந்த ஷீலா நிமிர்ந்து பார்த்தாள்; அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும்.

"இப்ப வந்திருக்காம்மா?"

"வந்திருக்கு."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"தெரியலடா."

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முறத்திலிருந்து பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டாள். இருவரும் உரிக்கத் தொடங்கினோம்.